யார் குத்து பெரிய குத்து? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் மறைந்த குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மனின் நாக்அவுட்களைப் (எதிராளியை எழ முடியாதபடி வீழ்த்தி முடிப்பது) பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்ததால், இந்த முறை பகுதி முழுவதையும் குத்தின் பலத்துக்கே கொடுத்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். ஹெவிவெயிட்டில் (மிக அதிக எடைப் பிரிவு) பலமாகக் குத்தியவர் மைக் டைசனா, ஃபோர்மனா? (சேலம் வாசகர்)

இரண்டு பேரும் இல்லை. எர்னி ஷேவர்ஸ்.

கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள். யூடியூபில் பார்த்துவிட்டு நாம் போடும் கணக்கு ஒன்று, அந்தக் கையைத் தாடையில் வாங்கியவர்கள் சொல்லும் கணக்கு வேறு. இந்த வழக்கில் சாட்சி சொல்லும் தகுதி வாங்கியவர்களுக்குத்தான் உண்டு, அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஜாம்பவான்களிடம் வாங்கியவர்களுக்கு. ரான் லைலை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 செப்டம்பரில் ஷேவர்ஸிடம் இரண்டாவது ரவுண்டில் கீழே விழுந்து, எழுந்து வந்து ஆறாவது ரவுண்டில் ஜெயித்தார். நாலே மாதத்தில், 1976 ஜனவரியில், ஃபோர்மனோடு மோதினார். ஃபோர்மனையே இரண்டு முறை கீழே தள்ளிவிட்டு ஐந்தாவது ரவுண்டில் தானே விழுந்தார். அத்தனை குறுகிய இடைவெளியில் இரண்டு பேரிடமும் வாங்கிய அந்த மனிதர் பின்னாட்களில் சொன்னது, ஃபோர்மன் நன்றாகவே குத்துவார், ஆனால் ஷேவர்ஸ் மாதிரி யாரும் குத்தியதில்லை என்பதுதான். லாரி ஹோம்ஸ் ஷேவர்ஸோடு இரண்டு முறையும் டைசனோடு ஒரு முறையும் மோதியவர், அவரும் ஷேவர்ஸ் பெயரைத்தான் சொன்னார். முகமது அலியோ சன்னி லிஸ்டன், ஜோ ஃப்ரேஸியர், ஃபோர்மன் என்று அந்தக் காலத்துப் பெரிய கைகள் அத்தனையையும் பார்த்தவர். 1977-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஷேவர்ஸோடு 15 ரவுண்டு நின்றுவிட்டு, அவர் அடித்த அடியில் ஆப்பிரிக்காவில் இருக்கும் தன் சொந்தக்காரர்களே ஆடிப்போனார்கள் என்றார்.

மூன்று பேர், மூன்று விதமான ஆட்டக்காரர்கள், சொன்ன பெயர் ஒன்று. இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படிப்பட்ட ஷேவர்ஸ் ஏன் ஒரு தடவைகூட உலக சாம்பியன் ஆகவில்லை? (மதுரை வாசகர்)

ஏறக்குறைய 70 நாக்அவுட் செய்தவர், இரண்டு முறை பட்டத்துக்கு மோதியவர், இரண்டிலும் கிட்டத்தட்ட கையில் வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கும் பிடிக்கும்.

அலியோடு நடந்த சண்டையின் இரண்டாவது ரவுண்டைத் தேடிப் பாருங்கள். ஷேவர்ஸின் வலது கை விழுந்ததும் அலிக்குக் கால் தள்ளாடுகிறது, நிஜமாகவே தள்ளாடுகிறது. ஆனால் அலி அதையே கொஞ்சம் மிகைப்படுத்தி நடித்துக் காட்ட, இது பொறியோ என்று ஷேவர்ஸ் தயங்கிவிட்டார். அந்தச் சில நொடிகளில் அலி தெளிந்துவிட்டார். 1979-ல் ஹோம்ஸோடு மோதியபோது ஏழாவது ரவுண்டில் ஒரு வலது கையில் ஹோம்ஸ் மல்லாக்க விழுந்தார். அப்படி விழுந்தவன் எழ மாட்டான் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். ஹோம்ஸ் எழுந்தார், பதினோராவது ரவுண்டில் ஷேவர்ஸை நிறுத்தவும் செய்தார்.

இப்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். ஹோம்ஸ் தன் நீண்ட வாழ்க்கையில் 75 சண்டை போட்டார். அதில் ஒரே ஒருவர்தான் அவரை நாக்அவுட் செய்தார், அது 1988-ல் மைக் டைசன், நாலாவது ரவுண்டில். அப்போது ஹோம்ஸுக்கு 38 வயது, ஓய்வு பெற்று ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்துத் திரும்பியிருந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனாலும் விஷயம் இருக்கிறது. பலமாகக் குத்தியவர் என்று ஹோம்ஸ் யாரைச் சொன்னாரோ அந்த ஷேவர்ஸால் அவரை முடிக்க முடியவில்லை, முடித்தவர் வேறு ஒருவர். ஒற்றைக் குத்தின் பலம் வேறு, ஆளை வீழ்த்துகிற திறமை வேறு. டைசனின் குத்து தனியாக வராது. வலது கை விலாவுக்குப் போகும், அதே கை அப்பர்கட்டாக மேலே வரும், அதற்குப் பின்னால் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) காத்துக்கொண்டிருக்கும். 5 அடி 10 அங்குல மனிதர் தன்னைவிட உயரமானவர்களின் கைக்கு உள்ளே நுழைந்து, அவர்கள் கண்ணுக்குத் தெரியாத கோணத்திலிருந்து அடித்தார். 1988 ஜூனில் அதுவரை தோற்றே பார்க்காத மைக்கேல் ஸ்பிங்ஸை 91 விநாடியில் முடித்தது அந்த வேகமும் கோணமும்தான், வெறும் தசை பலம் அல்ல. ஷேவர்ஸ் ஒரு வலது கைக்காகக் காத்திருப்பார், அது விழாவிட்டால் ஏழெட்டு ரவுண்டுக்கு மேல் மூச்சு வாங்கும்.

அப்போது ஃபோர்மனை எங்கே வைப்பீர்கள்? (சேலம், ஈரோடு, திருச்சி என்று பலர்)

ஒற்றைக் குத்துக்கு ஷேவர்ஸ். மொத்த ஆளாக எடுத்துக்கொண்டால் ஃபோர்மன்தான் முதல் இடம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜோ ஃப்ரேஸியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை கீழே போட்டார். ஃப்ரேஸியர் அன்றைக்குத் தோல்வி அறியாத சாம்பியன், அலியையே வென்றவர். அந்தச் சண்டையில் ஒரு அப்பர்கட்டில் ஃப்ரேஸியரின் கால் தரையை விட்டே எழும்பியது போல இருக்கும். அடுத்த வருடம் கராகஸில் கென் நார்ட்டனுக்கும் இரண்டே ரவுண்டு. இந்த நார்ட்டன் அலியின் தாடையை உடைத்தவர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்மனிடம் என்னை அசரவைப்பது அவர் குத்தும் விதம். அழகான குத்து இல்லை. கையைத் தூக்கி வீசுவார், தள்ளுவார், பாதி நேரம் காலைக்கூடச் சரியாக ஊன்றியிருக்க மாட்டார். அப்படியும் கைமேல் பட்டால் கை மரத்துப்போகும், தடுத்தாலும் ஆள் நகர்ந்துபோவான். ஜாப் என்பது மற்றவர்களுக்குத் தூரம் பார்க்கிற குத்து, அவருக்கு அதுவே அடி. இடது, வலது என்ற பேதமும் இல்லை. கின்ஷாசாவில் 1974-ல் அலியிடம் தோற்றது குத்தில் பலம் இல்லாமல் அல்ல, அலி கயிற்றில் சாய்ந்து கைகளிலும் தோள்களிலும் வாங்கிக்கொண்டே அவரைக் களைக்க வைத்ததால்தான்.

அப்புறம் 1994 நவம்பர். 45 வயது, உடம்பில் பழைய வேகம் கொஞ்சமும் இல்லை, மைக்கேல் மூரரிடம் ஒன்பது ரவுண்டும் பாயிண்ட்டில் பின்தங்கியிருந்தார். பத்தாவது ரவுண்டில் ஒரு குட்டையான வலது கை, அவ்வளவுதான், மூரர் மல்லாந்துவிட்டார். வேகம் வயதோடு போய்விடும், கால் போய்விடும், கை கனம் கடைசியாகத்தான் போகும் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்களே, அதற்கு இதைவிட நேரான சாட்சியம் கிடையாது. 76 வெற்றி, அதில் 68 நாக்அவுட்.

டைசனின் குத்து 1,800 பிஎஸ்ஐ என்று எங்கும் போடுகிறார்கள். உண்மையா? (கோவை வாசகர்)

அதை நம்ப வேண்டாம். பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்தில் விழும் அழுத்தம், டயருக்குக் காற்று அடிக்கும்போது பார்ப்பது. குத்தின் விசையைச் சொல்ல அது சரியான அளவே இல்லை. டைசன், ஃபோர்மன், இந்தக் காலத்து ஹெவிவெயிட் டியோன்டே வைல்டர் மூவரையும் ஒரே கருவியில், ஒரே முறையில் அளந்த பரிசோதனை நடக்கவில்லை, ஆகவே இந்த வரிசைப் பட்டியல்களுக்கு அடிப்படையும் இல்லை.

நிஜமாக அளந்தது என்றால் ஃப்ராங்க் புருனோ. 1985-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் அவரை ஒரு தொங்கும் எடையின் மேல் குத்த வைத்து அளந்தார்கள். முஷ்டியின் வேகம் நொடிக்கு 8.9 மீட்டர், உச்ச விசை 4,096 நியூட்டன், அதாவது 400 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பஞ்சு சுற்றிய 6 கிலோ மரச் சுத்தியல் மணிக்கு 20 மைல் வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம் என்று அவர்களே எழுதினார்கள். புருனோ 40 வெற்றிகளில் 38-ஐ நாக்அவுட்டில் எடுத்தவர், ஆனாலும் டைசனிடம் இரண்டு முறையும் தோற்றார்.

இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. 2000-ல் வெளிவந்தது. தேர்ந்த வீரர்கள், நடுத்தரம், கற்றுக்குட்டிகள் என்று மூன்று பிரிவாகப் பிரித்து அளந்ததில், பின்கைக் குத்துக்கு (பின்னால் வைத்திருக்கும் கையால் அடிப்பது) தேர்ந்தவர்கள் சராசரியாக 4,800 நியூட்டன், நடுத்தரத்தினர் 3,722, புதியவர்கள் 2,381. தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் இரண்டு மடங்கு இடைவெளி, அதில் பெரும்பகுதி கற்றுக்கொண்டு வந்தது என்பது என் கருத்து. கை கனம் பிறவியிலேயே வருவது, சொல்லிக்கொடுக்க முடியாது என்று ரிங் ஓரத்தில் பேசுவார்கள், அதில் பாதிதான் உண்மை.

53 கிலோ இருக்கும் ஒருவர் எப்படி ஆளை மயக்கமடையச் செய்ய முடியும்? (புதுச்சேரி வாசகி)

நல்ல கேள்வி, இதற்கு விரிவாகவே சொல்ல வேண்டும்.

தலையில் விழும் குத்து நாக்அவுட் ஆவது பெரும்பாலும் தலை திடீரென்று திரும்புவதால். மண்டை ஓடு சட்டென்று சுழலும்போது உள்ளே இருக்கும் மூளை அந்த வேகத்தோடு சேர்ந்து திரும்ப முடியாமல் முறுக்கிக்கொள்கிறது, நினைவு தப்புகிறது. கதவைக் கீல் பக்கம் தள்ளினால் அசையாது, கைப்பிடிப் பக்கம் விரலால் தள்ளினாலே திறக்கும் இல்லையா, அந்தக் கைப்பிடிதான் தாடை நுனி. நெற்றியில் விழும் பெரிய அடியைத் தாங்குகிறவர், தாடை நுனியில் விழும் சின்ன ஹூக்கில் சரிந்துவிடுவார். குத்து வருவது தெரிந்தால் கழுத்துத் தசை இறுகித் தலையைப் பிடித்துக்கொள்ளும். தெரியாமல் வந்தால் அந்தத் தற்காப்பும் இல்லை. காணாத குத்துதான் கிடத்தும் என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

கல்லீரல் குத்து வேறு கதை. வலப்பக்க விலாவுக்குக் கீழே இடது கை விழுந்தால் நினைவு தெளிவாக இருக்கும், உடம்புதான் எழ மறுக்கும். 2004-ல் ஆஸ்கர் டி லா ஹோயா பெர்னார்ட் ஹாப்கின்ஸிடம் ஒன்பதாவது ரவுண்டில் அப்படித்தான் தரையில் துடித்தார்.

ஜப்பானின் நயோயா இனோவேவைப் பாருங்கள். பாண்டம்வெயிட் எல்லை 53.5 கிலோ. 2018-ல் முன்னாள் சாம்பியன் ஹுவான் கார்லோஸ் பயானோவை 70 விநாடியில், ஒரு ஜாப், அதன் பின்னாலேயே ஒரு நேர் வலது கை, அந்த இரண்டே குத்தில் முடித்தார். அதற்கு முன் 2014-ல் ஓமர் நர்வாயஸ் என்ற அர்ஜென்டினா அனுபவசாலியை இரண்டு ரவுண்டில் நாலு முறை தள்ளியபோது, எதிரணிக்காரர்கள் சண்டை முடிந்ததும் இனோவேவின் கிளவுஸை வாங்கிச் சோதித்துப் பார்த்தார்கள். உள்ளே கை மட்டும்தான் இருந்தது. எடைக்கு எடை ஒப்பிட்டால் இன்றைக்கு ஆடுகிறவர்களில் பெரிய குத்து அவருடையதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

நடு எடைகளில் என் முதல் பெயர் ஜூலியன் ஜாக்சன், வர்ஜின் தீவுகளைச் சேர்ந்தவர், 55 வெற்றிகளில் 49 நாக்அவுட். 1990 நவம்பரில் ஸ்பெயினில் ஹெரால் கிரஹாம் அவரை மூன்று ரவுண்டும் விளையாட்டுப் பிள்ளை மாதிரி ஆட்டிவைத்தார். ஜாக்சனின் ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டே வந்தது, இன்னும் ஒரு ரவுண்டுதான் என்ற நிலைமை. நாலாவது ரவுண்டில் கிரஹாம் முடித்துவிடலாம் என்று முன்னேறி வந்தார், ஜாக்சனின் ஒரு வலது கை, கிரஹாம் தரையைத் தொடும் முன்பே நினைவு போய்விட்டது. எழுப்ப வெகு நேரமானது. டாமி ஹெர்ன்ஸ் 1984-ல் ராபர்ட்டோ டுரானை முகம் குப்புற விழவைத்ததும் இதே வகைதான். ஆனால் அதே ஹெர்ன்ஸ் அடுத்த வருடம் மார்வின் ஹாக்லரின் தலையில் முதல் ரவுண்டிலேயே தன் வலது கையை உடைத்துக்கொண்டார், மூன்றாவது ரவுண்டில் தோற்றார். வாங்குகிறவரின் மண்டையும் கணக்கில் வரும்.

டியோன்டே வைல்டருக்கு 98 சதவீத நாக்அவுட். அவர்தானே முதல் இடம்? (சென்னை வாசகர்)

சதவீதத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. யாரை அடித்தார் என்பதையும் பார்க்க வேண்டும். வைல்டரின் முதல் 32 சண்டையும் நாக்அவுட், அதில் பெரும்பாலான பெயர்கள் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் அந்த வலது கையைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். 2018 டிசம்பரில் டைசன் ஃப்யூரியைப் பன்னிரண்டாவது ரவுண்டில் வலது கையாலும் தொடர்ந்த இடது ஹூக்காலும் கிடத்தியபோது (ஃப்யூரி எப்படி எழுந்தார் என்பது எனக்கு இன்னும் வியப்பு) வைல்டரின் எடை 97 கிலோகூட இல்லை. ஹெவிவெயிட்டுக்கு அது ஒல்லி உடம்பு. 2019-ல் லூயிஸ் ஆர்ட்டிஸிடம் ஆறு ரவுண்டும் பாயிண்ட்டில் பின்தங்கி, ஏழாவதில் ஒரே குத்தில் முடித்தார். வலது கை மட்டும் என்றால் ஷேவர்ஸுக்குப் பக்கத்தில் நிற்கலாம். இரண்டு கையும் என்றால் ஃபோர்மன், டைசன், ஜோ லூயிஸ் மூவருக்கும் பின்னால்தான்.

ஜோ லூயிஸ், மார்சியானோ எல்லாம் இன்றைய உடம்புகளுக்கு முன்னால் நிற்பார்களா? (நாகர்கோவில் வாசகர்)

லூயிஸ் நிற்பார். அவருடைய குத்து ஆறேழு அங்குலத்துக்குள் முடிந்துவிடும், கை பின்னால் போவதே தெரியாது. 1938-ல் மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 விநாடியில் முடித்த படம் கிடைக்கிறது, பாருங்கள்.

ராக்கி மார்சியானோவின் எடை 84 கிலோ சுமார். இன்றைக்கு அது ஹெவிவெயிட்டுக்குக் கீழே இருக்கும் க்ரூஸர்வெயிட் பிரிவு. 49 சண்டை, 49 வெற்றி, 43 நாக்அவுட், அந்தச் சாதனை மேல் எனக்கு மரியாதை உண்டு. 1952-ல் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் பாயிண்ட்டில் பின்தங்கியிருந்து பதின்மூன்றாவது ரவுண்டில் அடித்த வலது கை எந்தக் காலத்து ஆளையும் சாய்க்கும். ஆனால் 6 அடி 9 அங்குல ஃப்யூரியின் ஜாப்பைத் தாண்டி அந்தக் குட்டைக் கை உள்ளே போக வேண்டுமே, அதுதான் சிரமம்.

பெண்களில்? (திருநெல்வேலி வாசகி)

புவேர்ட்டோ ரிக்கோவின் அமாண்டா செரானோ. ஏழு எடைப் பிரிவுகளில் பட்டம், 30-க்கு மேல் நாக்அவுட். பெண்களுக்கு ரவுண்டு பெரும்பாலும் இரண்டு நிமிடம்தான் என்பதால், அடிபட்டவரை முடிக்கும் நேரத்தில் மணி அடித்துவிடுகிறது. மூன்று நிமிட ரவுண்டுக்காக அவர் தொடர்ந்து குரல் கொடுத்து வருவது நியாயமானது.

இப்படி யார் பலமாக அடித்தார் என்று கொண்டாடுவது சரியா? அடி வாங்கியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லையே. (தஞ்சாவூர் வாசகர்)

பேச வேண்டும். ஜெரால்ட் மெக்லெல்லன் மேலே சொன்ன ஜூலியன் ஜாக்சனையே இரண்டு முறை நாக்அவுட் செய்தவர், அந்தப் பிரிவில் மிகப் பயங்கரமான கை. 1995 பிப்ரவரி 25, லண்டன், எதிரே நைஜல் பென். முதல் ரவுண்டிலேயே பென்னைக் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். பென் திரும்பி வந்தார், அதற்கு அப்புறம் இருவரும் பத்து ரவுண்டு வரை மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். பத்தாவது ரவுண்டில் மெக்லெல்லன் தானாகவே முழங்காலிட்டு உட்கார்ந்தார், கண்ணை அடிக்கடி சிமிட்டிக்கொண்டிருந்தார், அதை அப்போது பலர் கோழைத்தனம் என்று நினைத்தார்கள். மூளையில் ரத்தம் கட்டியிருந்தது. அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்தார், பார்வை போய்விட்டது, அதன் பிறகு சகோதரிகளின் பராமரிப்பில்தான் வாழ்ந்தார். பெரிய குத்துக்காரர்கள் பட்டியல் எதைப் போட்டாலும் அவர் பெயர் வரும், வரும்போது இந்த விஷயமும் கூட வர வேண்டும் என்பது என் பிடிவாதம். நாக்அவுட் தொகுப்பு வீடியோக்களில் விழுந்த இடத்தோடு வெட்டிவிடுகிறார்கள்.

என் மகனுக்கு 14 வயது. குத்தில் பலம் வர என்ன செய்யலாம்? (வேலூர் வாசகர்)

புஜத்தை விட்டுவிட்டுக் காலைக் கவனிக்கச் சொல்லுங்கள். சோவியத் யூனியனில் 1980-களில் செய்த ஒரு ஆய்வில், தேர்ந்த வீரர்களின் குத்தில் கிட்டத்தட்ட 38 சதவீதம் பின்கால் தரையை உதைப்பதிலிருந்து வருவதாகவும், புதியவர்களுக்கு அது 17-க்கும் குறைவு என்றும் கண்டார்கள். புதியவர்கள் கையால் குத்துகிறார்கள், தேர்ந்தவர்கள் தரையிலிருந்து குத்துகிறார்கள். ஸ்கிப்பிங், படி ஏறி ஓடுவது, இடுப்பைத் திருப்பிக் கனமான பந்தை எறிவது, கண்ணாடி முன் நின்று குதிகால் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே மெதுவாக நேர்க்குத்து, இந்த வயதுக்கு இவையே போதும். பையில் குத்தும்போது கையில் துணி சுற்றியிருக்க வேண்டும், மணிக்கட்டு வளையக் கூடாது. தலையில் பலமாக அடித்துக்கொள்ளும் ஸ்பாரிங்குக்கு (பயிற்சிச் சண்டை) இப்போது அனுப்பாதீர்கள், எந்தப் பயிற்சியாளர் வற்புறுத்தினாலும். தலைவலி, வாந்தி, மங்கலான பார்வை ஏதாவது ஒன்று வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள், மறுநாள் பயிற்சிக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.